தேயிலை வாசம் ஆகாது

"அங்கனயே நில்லுங்க," என்றாள் கத்தரீனாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

ஃபாக்டரி விட்டு வந்த சுவக்கீன், வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றான்.

"என்னட்டி?"

"ஒங்க மேல தேயில வாசம். கொமட்டுது."

தேவிகுளத்துக்குக் கீழே இருந்த அந்த எஸ்டேட்டில் தேயிலை வாசம் இல்லாத பொருளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அவனோ டிரையர் ரூமில் வேலை பார்ப்பவன். இலை காய்ந்து, சுடச்சுட வந்து விழுகிற இடம். தூள் காதுக்குள் போகும், புருவத்தில் உட்காரும், எச்சில் துப்பினால் அதிலும் வரும்.

"நீயும் நாளெல்லாம் கொழுந்துதான பறிக்கெ?"

"பச்சக் கொழுந்து வேற. காஞ்ச தூளு வேற."

"காலையில கட்டங்காப்பி கணக்கா தேயிலத் தண்ணி குடிச்சியே."

"உள்ள போறது வேற. பக்கத்துல வந்து படுக்கது வேற," என்றாள். "ராத்திரிதான் சாஸ்தி அடிக்கி."

அதற்கு மேல் வாதாட அவனுக்கு மனசில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவளுக்கு வயிற்றில் தங்கியிருந்தது. நெஞ்சு எரிகிறது என்றாலும் கெண்டைக்கால் இழுக்கிறது என்றாலும் அவள் மெதுவாகத்தான் சொல்வாள். இடுப்பு வலியைச் சொல்லவே மாட்டாள். எழும்போது சுவரைப் பிடிப்பதை வைத்து அவனாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்டவள் வாய் திறந்து ஒன்றைக் கேட்டால் செய்யாமல் இருப்பானா?

மறுநாள் வேலை விட்டதும் நேரே ஓடைக்குப் போனான். மார்கழி மாதம். புல்லில் உறைபனி நிற்கிற குளிர். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சோப்புக் கட்டி பாதியாகத் தேயும்வரை தேய்த்துக் குளித்தான். வீட்டுக்கு வரும்போது பல் தந்தியடித்தது. அன்று இரவே மூக்கடைத்துக்கொண்டது.

காலையில் கத்தரீனாளின் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"இப்பம் எப்படி? கொறஞ்சிருக்கா?" என்று மூக்கால் கேட்டான்.

"கூடிப்போச்சு," என்றாள்.

சோப்புப் போட்டுக் குளித்தும் கூடுகிறது என்றால், வாசம் துணியில்தான் இருக்க வேண்டும். அதனால் மறுநாள் விடியுமுன்பே கொடியில் கிடந்த மாற்றுத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் ஓடைக்கரையில் உடுத்தியதை அலசிப் போட்டுவிட்டு மாற்றை உடுத்தி வருவதாகத் திட்டம்.

ஆனால் டிரையர் ரூம் ஆள் ஒருவன் சாயங்காலம் துணி மூட்டையோடு வெளியே வந்தால் வாச்மேன் சும்மா விடுவானா? எஸ்டேட்டில் தூள் திருடுகிறவர்கள் மூட்டையில்தான் கொண்டுபோவார்கள்.

"அவிழுடா அத," என்றான் கேட்டில் இருந்த கருத்தப்பாண்டி.

"மாத்துத் துணி அண்ணே. வீட்டுல மாசமா இருக்கா, அவளுக்குத் தேயில வாசம் ஆகல."

"தேயில எஸ்டேட்ல தேயில வாசம் ஆகலியா? நல்லா கதை சோடிக்கடா."

கருத்தப்பாண்டி தானே மூட்டையைப் பிரித்து, வேலை விட்டு வந்த நூறு பேர் முன்னால் இரண்டு கையாலும் தூக்கி உதறினான். தூள் ஒன்றும் விழவில்லை. விரிந்தது கத்தரீனாளின் சிவப்பு உள்பாவாடை.

காலையில் இருட்டில் கை தவறி அதை எடுத்து வந்திருந்தான். அன்று ஃபாக்டரியில் தொடங்கிய சிரிப்பு, அவன் வீட்டுக்கு வருமுன்பே லைன் வீடுகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. பத்து வீடும் ஒரே தகரக் கூரையின் கீழ். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள்.

பக்கத்து வீட்டு ராமுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. நாலு பிள்ளை பெற்றவள்.

"தம்பி, வாசம் முடியிலதான் தங்கும்னு சொல்லுவாக. எதுக்கும் நீங்க கொஞ்ச நாளைக்கு வெளிய படுத்துப் பாருங்களேன்," என்றாள்.

இரண்டு யோசனையில் முதலாவது அவனுக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாளே மூணாறு போய் மொட்டையடித்துக்கொண்டான். கேட்டவர்களிடம் மாதாவுக்கு நேர்ச்சை என்றான்.

கத்தரீனாள் அவன் தலையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்குங்க இது?"

"ஒனக்காகத்தான்ட்டி. மோந்து பாரு, ஒண்ணும் இருக்காது."

அவள் மோந்து பார்க்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வழவழவென்று மின்னிய மண்டையையும் அதன் கீழே சிரித்த முகத்தையும் பார்த்துவிட்டு, சொல்லாமலே அழ ஆரம்பித்தாள்.

மொட்டைத் தலையில் மலைக்காற்று பட்டு, மூக்கில் இருந்த சளி நெஞ்சுக்கு இறங்கியது. கம்பளியை மூக்குவரை போர்த்திப் படுத்தான். படுத்தது தெரியும், விடிந்தது தெரியும். அவன் எழும்போது கத்தரீனாள் அடுப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

டிஸ்பென்சரியில் மலையாளத்து நர்ஸ் அவளை எடை பார்த்தாள். போன மாதத்தைவிடக் குறைந்திருந்தது. பாதத்தில் விரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்து, மேலே வர நேரமாயிற்று.

"ராத்திரி உறங்குறதில்லையா?"

கத்தரீனாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உறங்கணும் கேட்டோ. இப்படிப் போனா வயித்தில் உள்ள கொச்சுக்கு ஆபத்தாக்கும்," என்றாள் நர்ஸ். பிறகு சுவக்கீனைப் பார்த்து, "வீட்டில் என்ன பிரச்சனைன்னாலும் அதை மாத்தணும்," என்றாள்.

சுவக்கீன் டிஸ்பென்சரியிலிருந்து நேரே ஃபாக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் போனான். சுவக்கீன் ஒன்பது வருஷமாக டிரையர் ரூமில் இருப்பவன். வாசத்தை வைத்தே இலை எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவான். அடுத்த ஹெட் அவன்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கு ஃபாக்டரி வேண்டாம் சார். வேற எங்கனயாச்சும் போடுங்க."

டீமேக்கர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தாடா, பைத்தியம் பிடிச்சோ? டிரையரை விட்டுட்டு எங்க போவே?"

"தேயில வாசம் இல்லாத எடமா எதுவா இருந்தாலும் சரி சார்."

"விறகு டிப்போவில் ராத்திரி வாச்சர் வேலை மட்டும்தான் காலி. அதுக்கு யாரும் போறதில்லை. குளிர்."

"நான் போறேன் சார்."

கடைசி நாளில் டிரையரின் சூடான தகரத்தில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். யாராவது கேட்டால் சூடு பார்த்தேன் என்று சொல்லலாமென்று நினைத்திருந்தான். யாரும் கேட்கவில்லை.

லைனில்தான் அவனை ஆச்சரியப்படுத்தினார்கள். பாவாடைக்குச் சிரித்த அதே ஜனம், அவன் ராத்திரி வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் வாசலில் வந்து நின்றது. ராமுத்தாய் தூக்குச்சட்டியில் சுடுசோறு கொடுத்தாள். கடைசி வீட்டுப் பெரியமுத்து, யாருக்கும் ஒரு தீக்குச்சிகூடத் தராதவர், தன் கம்பளியை அவன் தோளில் போட்டு, "நீயே வச்சுக்கப்பா. நல்லபடியா வேலையப் பாரு. லீவு கீவு போட்டுறாத," என்றார்.

சுவக்கீனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பெண்டாட்டி மேல் இந்த லைனுக்கு இவ்வளவு பாசமா என்று விறகுக் கட்டையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டான்.

ஒரே வாரத்தில் கத்தரீனாளின் கண் தெளிந்தது. அடுத்த மாதம் எடை ஏறியது. கால் வீக்கம் வடிந்தது. நெஞ்செரிச்சலும் இடுப்பு வலியும் இருக்கத்தான் செய்தன. ஆனால் அதைச் சொல்லும்போதே சிரித்தாள். சுவக்கீன் பார்த்தவரிடமெல்லாம், "எல்லாம் வாசம்தான். நர்சுக்கே பிடிபடல, நான் கண்டுபிடிச்சேன்," என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். கேட்டவர்கள் வேறு பக்கம் பார்த்து ஆமாம் என்றார்கள்.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல தொண்டை.

ஞானஸ்நானம் முடிந்து லைன் முழுக்க முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, டீமேக்கர் ஆள் விட்டிருந்தார். சுவக்கீன் போய்விட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தான்.

"டிரையருக்குத் திரும்ப வரச் சொல்லிட்டாரு. ஹெட்டா. நான் இல்லாம தூளு கருகுதாம்," என்று மூச்சு வாங்கச் சொன்னான். "நாளையில இருந்து பகல் வேல. ராத்திரி வீட்டுலதான்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. பெரியமுத்து பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார். கத்தரீனாள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். சரியாக இருந்த தொப்பியைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தாள்.

"ஏன் எல்லாரும் இப்பிடி இருக்கீக? புள்ளதான் பெத்தாச்சே. இனி அவளுக்குத் தேயில வாசம் ஆகும்ல?" என்றான் சுவக்கீன்.

ராமுத்தாய் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"தேயில வாசம் அவளுக்கு என்னைக்கும் ஆகும் தம்பி. ஆகாதது ஒங்க கொறட்டதான். அவளுக்கு வயித்துல புள்ள வந்த பெறகு ஆகல, எங்களுக்கு ஏழு வருசமாவே ஆகல."