பூட்டுக்கு ஒரு துப்பாக்கி

பாதுகாப்பைப் பற்றி மனித குலம் இதுவரை சிந்தித்தவற்றில் மிக உயர்ந்த சிந்தனை, பென்சில்வேனியாவில் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் உதித்தது. அந்தப் பெற்றோர் குழுவில் நானும் ஓர் உறுப்பினர் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

பிரச்சினை சிறியதுதான். என் மகள் டெஸ்ஸாவின் முதல் வகுப்புக் கதவை உள்ளிருந்து பூட்ட முடியாது. சென்ற மாதம் கர்ட்டிஸ் என்கிற தகப்பனார், மனைவியோடு சண்டை போட்டுவிட்டு, "என் பையன் எங்கடா?" என்று கத்தியபடி அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிள்ளைகள், துப்பாக்கிக்காரன் நுழைந்தால் ஒளிந்துகொள்ளும் பள்ளிப் பயிற்சியில் கற்றபடி, அலமாரிக்குள் ஒளிந்தார்கள். சத்தம் வராமல் இருக்க, டீச்சர் ஆளுக்கொரு குச்சி மிட்டாய் கொடுத்தார். டெஸ்ஸா சத்தமே போடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் போடவில்லை.

போலீசுக்கு யாரும் சொல்லவில்லை. கர்ட்டிஸ் எங்கள் பிள்ளைகளின் பேஸ்பால் பயிற்சியாளர். கோபம் வராத நேரங்களில் தங்கமான மனிதர்.

பூட்டுகளுக்கு நிதி வேண்டும். குழுத் தலைவர் வெர்ன் தொண்டையைச் செருமினார்.

"போன வருஷம் ஒட்டுப் போர்வைக்குக் குலுக்கல் போட்டோம். சீட்டு வாங்க ஆளில்ல. இந்தத் தடவ ஒரு ரைஃபிள் வைப்போம். மான் வேட்டை சீசன் வேற வருது."

முதல் வகுப்பு டீச்சர் கோஸ்கோ எழுந்தார். "வெர்ன், எதுக்குப் பயந்து பூட்டு கேக்குறோம்னு ஞாபகம் இருக்கா?"

"துப்பாக்கிக்குப் பயந்தா? கெட்டவங்களுக்குப் பயந்துதானே டீச்சர்!"

"கெட்டவன் சீட்டு வாங்கினா?"

"எப்படி வாங்குவான்? இது பள்ளிக்கூட நிதி. நல்லவங்கதான் குடுப்பாங்க."

"பரிசா ஒரு பன்றித் தொடை வைக்கலாமே?"

"துப்பாக்கி வச்சிக்க அரசியல் சட்டத்துலயே உரிமை இருக்கு. பன்றித் தொடைக்கு இருக்கா?"

பலத்த கைதட்டல். பின்வரிசையிலிருந்து டார்லீன் என்கிற இன்னொரு தாய் எகிறினாள். "இப்படித்தான் ஆரம்பிப்பீங்க. அப்புறம் எங்க உரிமையையே புடுங்கிருவீங்க!"

"நான் பூட்டுதாம்மா கேட்டேன்," என்றார் டீச்சர்.

வாக்கெடுப்பு நடந்தது. என் கையைத் தேடினேன். அது எல்லாருடைய கைகளோடும் மேலே இருந்தது. பூட்டு வேண்டும் என்று உயர்ந்ததா, இந்த ஊரில் தொடர்ந்து வாழ வேண்டுமே என்று உயர்ந்ததா என்று அதனிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

சீட்டுகள் பறந்தன. குலுக்கலைத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் வைத்தோம். பள்ளி வளாகத்துக்குள் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. நாங்கள் சட்டத்தை மதிப்பவர்கள். "பிஞ்சுக் கை எடுக்கட்டும்" என்று வெர்ன் டெஸ்ஸாவை மேடைக்கு அழைத்தார். அவள் ஊறுகாய் ஜாடிக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தாள்.

"கர்ட்டிஸ்!" என்று முழங்கினார் வெர்ன்.

பரிசுத் துப்பாக்கியைக் கொண்டுவந்த கடைக்காரர், சட்டப்படி, அங்கேயே கர்ட்டிஸின் குற்றப் பின்னணியைத் தொலைபேசியில் சரிபார்த்தார். ஒரு குறையும் இல்லை என்று பதில் வந்தது. எப்படி இருக்கும்? நாங்கள்தான் யாரும் சொல்லவில்லையே. ஆவணப்படி, எங்கள் ஊரிலேயே மிகப் "பாதுகாப்பான" மனிதர் அவர்தான்.

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. கர்ட்டிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு டெஸ்ஸாவிடம் குனிந்தார்.

"ராசியான கைடா கண்ணு உனக்கு! என் பையனோட கிளாஸ்தானே நீ?"

அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து என் பாவாடைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.

"அம்மா," என்று கிசுகிசுத்தாள், "மிட்டாய் எங்க?"

என்னிடம் மிட்டாய் இல்லை. கர்ட்டிஸ் எங்கள் நடுவே நடந்து வாசலைத் தாண்டும்வரை, கூடத்தில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும், மிட்டாய்கூட இல்லாமல், சத்தம் போடாமல் நின்றோம்.