ரைம்கீப்பரின் மஞ்சள் மந்தாரை

இலங்கைத் தீவிலேயே என் பொறுமையை மணி பார்த்துச் சோதித்த ஒரே மனிதர் எங்கள் ரைம்கீப்பர்தான். நெல்லியடியில் பஸ் வரும் நேரமும் போகும் நேரமும் குறிப்பது அவர் உத்தியோகம். சொந்தப் பெயர் காணி உறுதிப் பத்திரத்தில் மட்டும் இருந்தது. கரவெட்டியில் அவர் வீட்டு அறையொன்றில் நான் வாடகைக்கு இருந்தேன்.

சண்டையில் பஸ்கள் நின்றன. மனிதர் நிற்கவில்லை. முற்றத்தில் ஒரு மஞ்சள் மந்தாரையை நட்டு, கொப்பியில் கோடு கீறி, 'தேன்சிட்டு: வரவு, போக்கு' என்று எழுதிவிட்டுக் காத்திருந்தார். இரண்டு வருடமாகப் பூவுமில்லை, சிட்டுமில்லை. இலையில் ஊர்ந்த புழுவை நான் தட்டப் போனால், "தம்பி, உது நாளைக்கு வண்ணத்துப்பூச்சி. கை வையாதையும்." நான் குளிக்க அள்ளும் தண்ணீரில் பாதி மரத்துக்கு. "நீர் நாளைக்குக் குளிக்கலாம். அது நடந்து கிணத்தடிக்கு வருமோ?"

குண்டு போடும் பொம்பர் வரத் தொடங்கியதும் ஊரே பதுங்குவதற்குப் பங்கர் வெட்டியது. எங்கள் வளவில் கிணற்றடி ஈரம், பின்பக்கம் கல்லு. மண் இளகியது மந்தாரையடியில் மட்டுந்தான்.

"அண்ணை, வேர் குறுக்கை வருது. வெட்டட்டோ?"

"வேரை ஏன் வெட்டுவான்? பங்கரை வளையும்."

வளைத்தேன். ஒரு முழம் போனதும் அடுத்த வேர்.

"இஞ்சாலை வளையும்."

உள்ளங்கை கொப்பளித்து வெட்டி முடித்தபோது அது பங்கரில்லை, பாம்பு. படுத்தால் தலை ஒரு வளைவில், கால் அடுத்ததில்.

ஒரு காலை பொம்பர் இரைந்தது. பாய்ந்துபோய்க் கடைசி வளைவில் சுருண்டேன். தூரத்தில் இரண்டு குண்டுகள் விழுந்தன. பிறகு சத்தமில்லை. ரைம்கீப்பர் பங்கர் வாசலில் கொப்பியோடு, தலையை வெளியே நீட்டியபடி இருந்தார்.

"அண்ணை, போயிட்டுதோ?"

"ஒன்பது பத்துக்கு வந்தது. இன்னும் போகேல்லை."

திரும்பச் சுருண்டேன். கால் விறைத்தது, கழுத்துப் பிடித்தது. கால் மணித்தியாலம் கழித்து மறுபடி கேட்டேன்.

"நிக்குது. சத்தம் போடாதையும், பயந்திடும்."

பொம்பர் எனக்குப் பயப்படுமா? தவழ்ந்து வாசலுக்கு வந்தேன். வானம் வெறுமையாகக் கிடந்தது. மந்தாரையில் ஒரேயொரு மஞ்சள் பூ. அதிலே தலைகீழாக ஒரு தேன்சிட்டு.

"பொம்பர் அப்பவே போச்சு. நீர் இதையல்லோ கேட்டனீர்?"

இரண்டு நாள் அவரோடு நான் கதைக்கவில்லை. நான் அறையை விட்டுப் போனபோது, கேளாமலே என் பைக்குள் மந்தாரை விதை போட்டிருந்தார்.

இப்போது என் வாசலிலும் மந்தாரை நிற்கிறது. சிட்டு வந்தால் எரிச்சலோடு மணியைப் பார்க்கிறேன். பார்த்ததை அவருக்குக் கடிதத்தில் எழுதுகிறேன். மறக்காமல், போன நேரத்தையும்.