அலமாரியில் வைத்த கல்

கல் ஆராய்ச்சிக் கூடத்துப் பெரிய அதிகாரியும் என் மனைவியின் ஒரே தம்பியுமாகிய மைத்துனருக்கு அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா மகளும் இருக்கிறோம். நலம் என்று எழுதுவது முறை, எழுதியதாக வைத்துக்கொள். அங்கே உன் உடம்பும் பதவியும் நன்றாக இருக்கட்டும்.

விஷயம் நீ அனுப்பிய கல். உன் அக்கா போய்ச்சேர்ந்த பிறகு இங்கே வந்தவன், வீடு நாறுகிறது என்று மூக்கைப் பிடித்தாய். ஊருக்குப் போனதும் ஒரு பெட்டி நிறைய வெளுத்த கல் துண்டுகளை அனுப்பினாய். சியோலைட்டாம், அதிலும் சுலபத்தில் கிடைக்காத வகையாம். போனில் ஒரு பாடமே நடத்தினாய். "இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கோடிக்கணக்குல இருக்கு அத்தான். ஈரம், நாத்தம் எல்லாம் உள்ள போய் உக்காந்துக்கும். ரொம்பிட்டா சட்டியில போட்டு வறுங்க, எல்லாத்தையும் வெளிய விட்டுட்டுப் புதுசாயிடும்" என்றாய். செருப்பு அலமாரியில் வைத்தேன், நாற்றம் போனது. உன்னை மனதாரப் பாராட்டினேன். அதுதான் கடைசி.

அடுத்து மீன் தொட்டி. மீன் கழிவில் வரும் அம்மோனியாவைக் கல் பிடித்துக்கொள்ளும் என்றாய், தண்ணீரும் தெளிந்தது. பிறகு ஒரு மீன் சுணங்கியது. கொஞ்சம் உப்புப் போடச் சொன்னார் மீன் கடைக்காரர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்காமல் கை நிறையப் போட்டேன். சாயங்காலத்துக்குள் அத்தனை மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. உன்னைக் கேட்டால், "உப்பு போட்டா கல்லு பிடிச்சு வெச்சதையெல்லாம் தண்ணியில விட்டுடும். உங்களை யாரு போடச் சொன்னா?" என்கிறாய். இதை முன்னாலேயே சொல்ல உனக்கு வாய் இல்லையா? அவை உன் அக்கா வளர்த்த மீன்கள். சொந்த மகள் மாதிரி நீ கொஞ்சுகிறாயே உன் அக்கா மகள், அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது இனிமேல்தான். உன் அக்காவின் துணி அலமாரியை நான் தினமும் காலையில் ஒரு தடவை திறந்து மூடுவேன். அவளுடைய சால்வையில் பவுடரும் தலைவலித் தைலமும் கலந்த ஒரு வாசனை உண்டு. அதற்காகத்தான் திறப்பேன், வேறு வேலை இல்லை. இந்த மழையில் சுவர் ஓதமடித்து, அலமாரிக்குள் பூஞ்சை நாற்றம் ஏறி, அவள் வாசனையை அமுக்க ஆரம்பித்தது. கல் பூஞ்சை நாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்று நம்பி ஒரு தட்டு நிறைய உள்ளே வைத்தேன். ஒரு வாரம் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். திறந்தால் பூஞ்சை நாற்றம் இல்லை. எதுவுமே இல்லை. சால்வையில் முகத்தை வைத்துப் பார்த்தேன், கடையில் வாங்கிய புதுத்துணி.

உனக்குப் போன் செய்தேன். "நாத்தம் எது, வாசனை எதுன்னு கல்லுக்கு எப்படி அத்தான் தெரியும்?" என்று கேட்டாய். அத்தனை படித்த உனக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? அவளை இரண்டாவது தடவை தூக்கிக் கொடுத்த மாதிரி இருக்கிறது எனக்கு. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து உன் கல்லை அள்ளிக்கொண்டு போ. மூட்டை வாசலில் இருக்கும். உள்ளே வர வேண்டாம்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து முன்னுக்கு வரட்டும், கல்லைத் தவிர எதை வேண்டுமானாலும் படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: மூட்டை கட்டும்போது நீ வறுக்கச் சொன்னது ஞாபகம் வந்தது. அலமாரிக் கல்லில் பாதியைச் சட்டியில் போட்டு அடுப்பில் வைத்தேன். முதலில் பூஞ்சை நாற்றம் வந்தது. அப்புறம் தைலம் வந்தது. உன் அக்கா மகள் அடுத்த அறையிலிருந்து, "அப்பா, அம்மாவுக்குத் தலைவலியா?" என்று கேட்டுவிட்டு, ஓடிவந்து என் பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம்தான், ஜன்னல் வழியாகப் போய்விட்டது. மீதிப் பாதியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். உனக்கும் அக்காதானே. வண்டி வேண்டாம், நீ மட்டும் வா, ஜன்னலைச் சாத்திவிட்டு வறுப்போம். வரும்போது சென்ட் பூசிக்கொண்டு வராதே.