பேரிங் கழலாத எட்டு நாட்கள்

இந்தப் படகு வீட்டைவிட்டுப் போகாது என்று லாய்ட் முடிவு கட்டிவிட்டார். எழுபத்தொரு வயதில் மனிதர் எடுத்த ஒரே உருப்படியான முடிவு. அதை மனைவி மேவிஸிடம் வாய் திறந்து சொல்லும் தைரியம்தான் இல்லை. அதனால் படகு ஏற்றும் இழுவண்டியின் ஒரு சக்கரத்தைக் கழற்றி, அச்சிலிருந்து சக்கரம் மாட்டும் குடமான ஹப்பை உருவிக்கொண்டு போய்க் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார்.

"பேரிங் உள்ள இறுகிப்போச்சு மேவிஸ். சூடு ஆறாம வண்டியக் கடல்ல இறக்கிட்டேன். உப்புத்தண்ணிய உள்ள இழுத்துருச்சு."

"நாப்பது வருஷமா இந்த ஸ்ட்ரீக்கி பே கடல்ல மீன் புடிக்கிற. இது தெரியாதா உனக்கு?"

"வயசாயிருச்சுல்ல."

"அதத்தான் டாக்டரும் சொன்னாரு. அதனாலதான் படக வித்துடுங்கறேன்."

படகு அவர்களுடைய மகன் டேமியனுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் புற்றுநோயில் போய்விட்டான். முப்பத்தெட்டு வயது. பிடித்த மீனை அளக்க அவன் கத்தியால் கீறிய கோடுகள் படகின் ஓரத்தில் இன்னும் இருக்கின்றன. நெஞ்சுவலி வந்த பிறகும் லாய்ட் தனியாகக் கடலுக்குப் போனது மீனுக்காக இல்லை. அங்கேதான் வாய்விட்டு அழ முடிந்தது.

உண்மையில் அந்த பேரிங் முதல் நாளே, ஏழாவது சுத்தியல் அடியில் கழன்று விழுந்துவிட்டது. அதைக் கந்தலில் சுற்றி ஆணி டப்பாவில் போட்டுவிட்டு, வெறும் ஹப்பை எட்டு நாளாக டங்கு டங்கென்று அடித்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் காலை மேவிஸ் தேநீரோடு வந்தார்.

"பாவம், ரொம்ப அடம் புடிக்குதோ?"

"அசைய மாட்டேங்குது."

"நல்லா ஓங்கி அடி. நிறுத்தாத."

லாய்டுக்குக் குஷி தாங்கவில்லை. தோள் வலிக்க வலிக்க அடித்தார். பத்தரை மணிக்கு வெளியே வந்தால், படகு நின்ற இடத்தில் மஞ்சளாய்ப் படிந்த புல் மட்டும் கிடந்தது.

"வண்டி எங்க? ஒரு பக்கம் சக்கரமே இல்லையே!"

"டேமியன் எப்பவும் மாத்து ஹப் ஒண்ணு தயாரா வச்சிருப்பானே, அத நீ ஃப்ரீசர்ல தூண்டில் இரைக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்த. எடுத்துச் சக்கரத்தோட மாட்டிட்டேன். நீ போட்ட சத்தத்துல, படக வாங்கின கோதுமைப் பண்ணைக்காரர் வந்து இழுத்துட்டுப் போனது உனக்குக் கேக்கல."

லாய்ட் அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"அவன் நெனப்பே இல்லையா உனக்கு?"

மேவிஸ் படி அருகே வந்தார்.

"நீ கடலுக்குப் போற ஒவ்வொரு நாளும் சன்னல விட்டு நகர மாட்டேன் லாய்ட். அவனத்தான் தக்கவைக்க முடியல. உன்னையும் விட்டுட்டு நான் யாரோட இருக்கறது?"

மேவிஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் பட்டப்பகலில், தெரு பார்க்க, வெகுநேரம் அழுதார்கள். இரண்டு வருஷத்தில் சேர்ந்து அழுதது அன்றுதான்.

பிறகு மேவிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அந்த ஹப்புல புது பேரிங் போட்டு கிரீஸ் அடைச்சு வை. பண்ணைக்காரருக்கு மாத்து ஹப் வேணுமாம், சாயங்காலம் வர்றாரு. பழைய பேரிங்கத் தட்டி எடுக்கற வேலைதான் உனக்கு மொத நாளே முடிஞ்சுருச்சே."