பத்து கிலோவுக்கு இரண்டு ஃப்ரீ

தூய்மையின் விலை கிலோ இருநூற்றுப் பதினாறு. பத்து கிலோவாக எடுத்தால் இரண்டு கிலோ தூய்மை இலவசம்.

தூய்மைக்கு விலையே கிடையாது என்று மேடையில் முழங்குகிறவர்கள் எல்லாம் கடைப்படி ஏறி விசாரிக்காதவர்கள். ஏறி விசாரித்த மகான் ஒருவர் உண்டு. அவர் என் மாமனார். நட்டு, போல்ட், கீல், தாழ்ப்பாள் மொத்த வியாபாரம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நீச்சல் குளத்தின் நிறுவனர், புரவலர், ஆயுள் தலைவர். நான் அதன் ‘நீர் மேலாண்மைப் பொறுப்பாளர்’. நீளக் கம்பில் வலை கட்டி இலை அள்ளுகிறவனை எங்கள் வீட்டில் அப்படித்தான் அழைப்பது.

குளம் வந்ததற்குக் காரணம் ஒரு பல். மாமாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியபோது எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு பல்லுக்கு விலை சொன்னார். இரண்டாக எடுத்தால் எவ்வளவு குறையும் என்று மாமா கேட்டார். டாக்டர் விளையாட்டு என்று நினைத்துக் கால் பங்கு குறைத்துச் சொல்லிவிட்டார். சொன்ன விலைக்கு மாமா விடுவாரா? ஆடாத பல் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார். விலையில் ஜெயித்தவர் மாமா. பல்லில் ஜெயித்தவர் யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அந்தக் கடுப்பில்தான், டாக்டர் வீட்டில் நீச்சல் குளம் வந்ததும் எங்கள் வீட்டிலும் வந்தது. அவருடையதைவிட ஓரடி நீளம்.

இந்த வருடம் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத் தலைவர் தேர்தலில் மாமாவும் டாக்டரும் சம ஓட்டு வாங்கினார்கள். சம ஓட்டு விழுந்தால் என்ன செய்வது என்று சங்க விதியில் இல்லை. இரண்டு மணி நேரம் விவாதித்து, இரண்டு முறை தேநீர் குடித்து, ஒரு வரலாற்றுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள்: “இருவர் இல்லங்களிலும் நீச்சல் குளம் உள்ளபடியால், எவர் குளத்து நீர் நான்கு மாதம் கழித்து நடைபெறும் பரிசோதனையில் தூயது எனத் தேறுகிறதோ, அவரே தலைவர்.” தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்குத் தெருவைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியும் என்பது தத்துவம்.

மாமாவுக்கு அந்தப் பதவி உயிர். தலைவருக்குச் சங்க அறையில் கை வைத்த நாற்காலி உண்டு. மற்றவர்களுக்குக் கை இல்லாத நாற்காலி. மாமா இருபது வருடமாகக் கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தீர்மானத்தோடு ஓர் அறிவிப்பும் வந்தது. அதில் ஒரு வரி: “குளத்து நீரில் ஃப்ரீ குளோரின் ஒன்று முதல் மூன்று வரை இருத்தல் அவசியம்.”

மாமா அந்த வரியை மூன்று தடவை படித்தார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் மருந்து விற்கும் கடைக்குப் போனார்.

கடைக்காரர் மூன்று வகைச் சரக்கு காட்டினார். முதலில் கேனில் திரவம், பத்து சதவீதம் குளோரின். அப்படியானால் மீதித் தொண்ணூறு தண்ணீர்தானே, தண்ணீர்தான் எங்கள் வீட்டிலேயே கிடக்கிறதே என்று மாமா அதைத் தள்ளிவிட்டார். அடுத்து வெள்ளைப் பொடி, அறுபத்தைந்து சதவீதம். அது பரீட்சை மார்க் மாதிரி இருக்கிறது என்றார். கடைசியாக உள்ளங்கை அகல வில்லைகள்.

“இது தொண்ணூறு சதவீதம் சார். கிலோவுக்கு அஞ்சு வில்லை வரும். முதல் தரம்,” என்றார் கடைக்காரர்.

“மீதி பத்து?”

“அது வில்லை உதிராம இருக்கப் பிடிமானத்துக்கு.”

“பிடிமானத்தை நீங்களே வச்சுக்குங்க. அந்தப் பத்துக்கு நான் எதுக்குக் காசு கொடுக்கணும்?”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் மாமனார் வீட்டில் குடியிருக்கிற மருமகன் அவர் பேரம் பேசும்போது பார்ப்பதற்கென்றே எல்லாக் கடையிலும் கூரை போட்டிருக்கிறார்கள்.

“அது போகட்டும்,” என்று மாமா அறிவிப்பைப் பிரித்து மேசைமேல் வைத்தார். “ஃப்ரீ குளோரின்னு போட்டிருக்கே, அதை எங்க வச்சிருக்கீங்க?”

கடைக்காரர் வாயைத் திறந்தார். ஏதோ விளக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவரும் வியாபாரி. திறந்த வாயை வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

“எத்தனை கிலோ எடுக்கறீங்க சார்?”

“பத்து.”

“பத்துக்கு ரெண்டு ஃப்ரீ.”

மாமா என் தோளைத் தட்டினார். கேட்டால்தான் கிடைக்கும் மாப்பிள்ளை, கேட்காமல் போகிறவனிடம் இவர்கள் மறைத்துவிடுவார்கள் என்றார். விலைச்சீட்டில் கிலோ நூற்று எண்பது என்று எழுதியிருந்தது. ரசீதில் இருநூற்றுப் பதினாறு என்று விழுந்தது. பன்னிரண்டு கிலோவை நூற்று எண்பதால் பெருக்கினாலும், பத்து கிலோவை இருநூற்றுப் பதினாறால் பெருக்கினாலும் ஒரே தொகைதான் வருகிறது என்பதை நான் வண்டியில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்து வியந்தேன். எவ்வளவு நேர்மையான மனிதர்.

வீட்டுக்கு வந்ததும் மாமா இலவச இரண்டு கிலோவைத் தனி டப்பாவில் போட்டு, ‘ஃப்ரீ’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார். மற்ற பத்து கிலோவைத் திறக்கவே இல்லை. நான் அதையும் தண்ணீரில் போட வேண்டாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

“நோட்டீஸ்ல என்ன போட்டிருக்கு? தண்ணியில ஃப்ரீ குளோரின் இருக்கணும்னுதானே? காசு கொடுத்த குளோரின் இருக்கணும்னு ஒரு வார்த்தை இருக்கா மாப்பிள்ளை?”

இல்லை. நானும் தேடிப் பார்த்தேன்.

ஆக, பன்னிரண்டு நாளைக்கு ஒரு வில்லை, ‘ஃப்ரீ’ டப்பாவிலிருந்து. ஒன்று முதல் மூன்று வரை என்றுதானே சொன்னார்கள், ஒன்றும் அந்தக் கணக்கில் சேர்த்திதானே. காசு கொடுத்த பத்து கிலோவை என்ன செய்வது? வியாபாரத்தில் பகை பார்க்கக் கூடாது என்று மாமா அதைக் கிலோவுக்கு முப்பது லாபம் வைத்து எதிர்வீட்டு டாக்டரிடமே விற்றார். எங்கள் தண்ணீருக்கு இலவசம், எதிரியிடம் லாபம். உலகத்தில் எத்தனையோ நிர்வாக இயல் படிப்புகள் இருக்கின்றன. ஒன்றிலாவது இதைச் சொல்லிக் கொடுக்கிறார்களா?

இரண்டாம் மாதத்தில் பலன் தெரிந்தது. எங்கள் குளத்திலிருந்து ‘குளோரின் வாசனை’ கிளம்பிற்று. முதலில் பின்கட்டு வரை வந்தது. பிறகு சமையலறை வரை. மூன்றாம் மாதத்தில் தபால்காரர் வாசலிலேயே தும்மிவிட்டுக் கடிதத்தை எறிந்துவிட்டுப் போனார். நீந்திவிட்டு வருகிறவர்களின் கண்கள் சிவந்து நீர் வழிந்தது. தண்ணீர் கண்ணைக்கூடக் கழுவிவிடுகிறது பார் என்றார் மாமா.

அவர் எதிர்வீட்டுக் குளத்தையும் ஒரு நாள் சுவருக்கு மேலே மூக்கை நீட்டி ஆராய்ந்தார். அங்கே வாசனையே இல்லை. நாங்கள் விற்ற சரக்குதான், ஆனாலும் துளி வாசனை இல்லை. மாமாவுக்கு அவர்மேல் இரக்கமே வந்துவிட்டது.

“பாவம். காசு கொடுத்து வாங்கின குளோரின் அப்படித்தான். ஃப்ரீயில இருக்கற காரம் அதுல எங்க வரும்?”

கை வைத்த நாற்காலிக்கு ஒரு மெத்தை தைக்கக் கொடுத்தார்.

பரிசோதனை நாள் வந்தது. சங்கம் அனுப்பிய பெண்மணி கையில் சிறு பெட்டியும் ஒரு பதிவேடுமாக வந்தார். தண்ணீர் பரிசோதிப்பதே அவர் தொழில். எதிர்வீட்டை முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தார். மாமா பெருமையோடு, வாசனை தூக்குகிறது இல்லையா என்று கேட்டார். தூக்குகிறது என்று அந்தப் பெண்மணியும் ஒப்புக்கொண்டார்.

குளத்தோரம் நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்றோம். அத்தை, என் மனைவி, மைத்துனன், நான். மைத்துனனுக்கு வீட்டில் பெயர் மீன். கல்லூரி நேரம் போக மீதி நேரம் தண்ணீரில்தான் கிடப்பான். அந்தப் பெண்மணி ஒரு குப்பியில் தண்ணீர் மொண்டு, சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நிறம் மாறவே இல்லை.

“ஃப்ரீ குளோரின் பூஜ்யம் சார்.”

“என்னம்மா சொல்றீங்க? போட்டதெல்லாமே ஃப்ரீதான். காசு கொடுத்தது ஒரு துண்டு உள்ள போகல.”

அந்த அம்மாள் மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெட்டியை மூடிவிட்டுப் போய்விடலாமா என்று யோசிக்கிற பார்வை. பிறகு பொறுமையாகச் சொன்னார்:

“ஃப்ரீன்னா இலவசம் இல்ல சார். வேலையில்லாம சும்மா இருக்கற குளோரின்னு அர்த்தம். அழுக்கு வந்தா அடிக்கத் தயாரா நிக்கறது.”

சும்மா இருப்பதற்கு எங்கள் வீட்டில் குறைவே இல்லையே என்பதுபோல மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப இந்த வாசனை?”

“இது குளோரின் வாசனை இல்ல சார். சரியான அளவு குளோரின் போட்ட தண்ணியில வாசனையே அவ்வளவா இருக்காது. குளோரின் கம்மியா போட்டு, அது வேர்வையோடயும் சிறுநீரோடயும் சேர்ந்தா வர்ற வாசனை இது.” கொஞ்சம் நிறுத்தி, “வேர்வை கம்மிதான்,” என்றார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஐந்து பேரும் தண்ணீரையே பார்த்தோம். அது நீலமாக, ஒன்றும் அறியாததுபோல மின்னிக்கொண்டிருந்தது.

இரண்டாவது குப்பியில் இன்னொரு மருந்து விட்டு, பதிவேட்டில் ஏதோ பெருக்கி, உத்தேசமாக இருபது லிட்டர் என்றார் அந்த அம்மாள்.

வேறு எந்தக் குடும்பத் தலைவரும் இந்த இடத்தில் தலை குனிந்திருப்பார். மாமா அப்படிப்பட்டவர் அல்ல. ஒரு தொகை காதில் விழுந்தால் அவர் நாக்கு தானாகவே வேலை செய்யத் தொடங்கிவிடும்.

“இருபது ரொம்ப ஜாஸ்தி. பன்னெண்டு போடுங்க.”

“சார், இது பேரம் இல்ல.”

“நாலு மாசம் வெயில் அடிச்சிருக்கு, கொஞ்சம் ஆவியாப் போயிருக்காதா? பதினஞ்சு. கடைசி.”

கடைசியில் அந்த அம்மாள் தலைவலி தாங்காமல் பதினெட்டுக்கு இறங்கினார். மாமா வெற்றியோடு எங்களைப் பார்த்தார். இரண்டு லிட்டர் அடித்துவிட்டார். சரக்கே எங்களுடையது அல்ல என்று சொல்ல இருந்த ஒரே வாய்ப்பையும் சேர்த்து அடித்துவிட்டார் என்பது அவர் முகத்தில் மெல்ல, நெற்றியிலிருந்து கீழ்நோக்கி இறங்கிற்று.

எதிர்வீடு தேறிவிட்டது, ஃப்ரீ குளோரின் இரண்டு என்று அந்த அம்மாள் சொன்னார். ஆனால் சங்கம் இரக்கமுள்ள சங்கம். தோற்ற வீட்டார் அசுத்தம் எங்கிருந்து வந்தது என்று முழுக்கணக்கும் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் உரியவர் கையெழுத்தோடு மாலை ஐந்து மணிக்குள் கொடுத்தால் மறு பரிசோதனைக்கு ஏழு நாள் அவகாசம் உண்டு. கணக்கு ஒரு லிட்டர் இடித்தாலும் தலைவர் பதவி எதிர்வீட்டுக்கு. அச்சிட்ட படிவம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, கூடத்தில் காத்திருக்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி அவசரக் கூட்டம் கூடியது. மாமா தலைமை. நான் எழுத்தர். உண்மையைச் சொல்லுங்கள், கணக்கு என்று வந்துவிட்டால் வெட்கம் பார்க்கக் கூடாது, கடையில் நான் யாரையும் திட்டியதுண்டா என்று மாமா தொடங்கிவைத்தார். தினமும் திட்டுவார். அதை யாரும் குறிப்பில் ஏற்றவில்லை.

“அஞ்சு,” என்றான் மீன். “ஒவ்வொரு தடவையும் வெளிய வந்து துடைச்சுக்கிட்டுப் போகணும்னா நான் எப்பப்பா நீந்தறது?”

அத்தை, தான் ஒரு நாளும் நீந்தியதே இல்லை, முதல் படியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருப்பதோடு சரி என்று ஆரம்பித்தார். நான் பேனாவைப் பிடித்தபடி அவரைப் பார்த்தேன்.

“மூணு எழுதுங்க மாப்பிள்ளை.”

“எனக்கு ஒண்ணரை,” என்றாள் என் மனைவி. “இவருக்கும் ஒண்ணரை. எதுவா இருந்தாலும் பாதிப் பாதின்னு கல்யாணத்தப்பவே பேசினது.” எனக்காக அவள் எடுத்த எல்லா முடிவுகளையும்போல் இதுவும் சரியாகவே இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

கூட்டினேன். பதினொன்று. மீதி ஏழு.

மாமா மழை என்று எழுதச் சொன்னார். நான்கு மாதமாக ஒரு தூறல் இல்லை என்று அத்தை நினைவூட்டினார். பூனை என்றார். எந்தப் பூனை என்று கேட்டதற்கு, பெரிய பூனை என்றார். அதுவும் எடுபடாமல் போகவே, டாக்டர் பொறாமையில் சுவரேறிக் குதித்து வந்திருப்பார் என்றார்.

“ஏழு லிட்டருக்கு அவர் எத்தனை தடவைப்பா சுவர் ஏறணும்?” என்றான் மீன்.

மணி நாலேமுக்கால். மாமா குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஆளுக்கு ஒண்ணேமுக்கால் ஏத்துக்குங்க. குடும்பத்துக்காக இதுகூடச் செய்ய மாட்டீங்களா?”

“உங்க மானத்துக்கு நாங்க எதுக்குங்க கையெழுத்துப் போடணும்?” என்றார் அத்தை. முப்பது வருட இல்லறத்தில் அத்தை அவர் சொன்ன விலைக்கு இறங்கி வராதது அன்றுதான்.

மாமா என்னிடமிருந்து பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்தார். ஒரு பக்கம் கை வைத்த நாற்காலி. மறு பக்கம் ஏழு லிட்டர். நட்டா, போல்ட்டா என்று தெரியாத முகத்தோடு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கூடத்தில் கடிகாரம் ஐந்து அடித்தது. பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, தலைவர் பதவியில் என்ன இருக்கிறது, வெறும் நாற்காலிதானே என்று சொல்லி எழுந்துபோனார். பதவி ஆசையை இவ்வளவு சடுதியில் துறந்த இன்னொரு தியாகியை நான் கண்டதில்லை.

படிவம் இதோ என் முன்னால் இருக்கிறது. உள்ளது உள்ளபடி:

மொத்தம்: 18 லிட்டர்.
மைத்துனன் 5, அத்தை 3, மனைவி 1½, நான் 1½. ஆக 11.
கழிக்க, மீதி: 7.
கூட்டியவர் கையெழுத்து: நான் போட்டிருக்கிறேன்.
சரிபார்த்தவர் கையெழுத்து: அந்த அம்மாள் போட்டிருக்கிறார்.
கழித்தவர் கையெழுத்து: இன்னும் வரவில்லை.