யானை பார்க்க ஏற்ற மாதம்

தேக்கடிக்குப் போய்ப் படகில் ஏறி, யானை தண்ணீர் குடிக்க வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று குருநாதன் முடிவு கட்டினார். எப்போது? மாசி முதல் வாரம், சரியாக மிளகாய்ப் பழம் எடுக்க ஆள் இறங்கிய அன்றைக்கு மத்தியானம்.

உத்தரகோசமங்கைக்கு மேற்கே இருக்கிற அவர் ஊரில் மாசி, பங்குனி வந்துவிட்டால் களம் பூராவும் குண்டு மிளகாய்தான். காய வைக்கணும், கிளறி விடணும், வெளுத்த வத்தலைப் பொறுக்கணும், ஆடு வராமல் விரட்டணும். கல்யாணமான பதினெட்டு வருசமாக அது குருநாதனுக்கென்று எழுதி வைத்த வேலை. மனுசனுக்கோ நெடி ஆகாது. அவர் ஒரு தும்மல் போட்டால் பக்கத்து ஊரில் மாடு கயிற்றை அறுக்கும். இந்த ஒரு வருசமாவது களத்திலிருந்து தப்பிக்கணும், அவ்வளவுதான் அவர் ஆசை. யானை சும்மா சாக்கு.

"யானை எங்கங்க ஓடிப்போகுது? ஆடியில போவோம். வேலை இருக்காது, நானும் வருவேன்" என்றாள் அவர் மனைவி சண்முகவள்ளி.

"ஆடியிலயா? அங்கன அப்ப மழை கொட்டும். காட்டுக்குள்ளயே தண்ணி கெடந்தா யானை எதுக்குப் புள்ள ஏரிக்கு வருது?"

"அப்ப ஐப்பசி?"

"அதுவும் மழை. அட்டை காலைப் பிடிச்சுக்கிரும்."

"மார்கழி?"

"பனி. எதுக்க நிக்கிறது யானையா பாறையான்னு தெரியாது."

"தை?"

"காடு பச்சையா இருக்கும். யானை உள்ளயே தின்னுக்கிட்டுக் கெடக்கும்."

"சரி, சித்திரை?"

குருநாதன் கொஞ்சம் முழித்தார். சித்திரைக்கு அவரிடம் காரணம் இல்லை. "பள்ளிக்கூட லீவு. கூட்டம் அம்மும். யானைக்குக் கூச்சம் புள்ள."

"மொத்தத்துல, நம்ம மிளகாய் எடுக்குற மாசம்தான் யானைக்கு ஏத்த மாசம்கிறீங்க."

"நானா சொல்றேன்? யானை சொல்லுது! பங்குனியில குட்டையெல்லாம் வத்திப்போகும். இலையும் உதுந்துரும். கூட்டங்கூட்டமா ஏரிக்கு வந்துதான் தீரணும்."

இதையே டீக்கடையில், சலூனில், ரேஷன் கடை வரிசையில் என்று ஒரு மாதம் சொல்லித் தீர்த்தார். ராமநாதபுரத்தில் சுற்றுலா வேன்காரரிடம் ரெண்டு சீட்டும் போட்டுவிட்டார்.

"உனக்கும் சேத்துத்தான் போட்டேன். ஆனா வத்தலைப் போட்டுட்டு நீ எங்க வரப்போற!" என்றார், ரொம்பப் பெருந்தன்மையாக. அந்த ரெண்டாவது சீட்டை அவர் கூட்டாளி சோணைமுத்துவுக்கு ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தது வேறு கதை.

"நான் எப்படிங்க வர? நீங்க போயிட்டு வாங்க" என்றாள் அவள்.

அன்றைக்குப் பிடித்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கட்டு முருங்கைக்கீரைக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிறவள், பதினெட்டு வருசக் களத்து ஆளை ஒரே வார்த்தையில் விட்டுவிட்டாளே! பையை எடுத்து வைத்தார். பிரித்தார். திரும்ப அடுக்கினார். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார்.

"என்ன புள்ள யோசிக்கிற?"

"ஒண்ணும் இல்லீங்களே."

அதைக் கேட்டதும் அவருக்கு இன்னும் பயம் வந்துவிட்டது.

வேன் புதன்கிழமை காலையில். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காளியம்மன் கோயிலில் பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. அஞ்சு வருசமாகக் காப்புக் கட்டி ஊரில் மிதப்பாகத் திரிந்தவர் குருநாதனின் பங்காளி வேல்சாமி. அன்றைக்கும் சட்டைக் கையை மடித்துவிட்டு முன்னால் நின்றார். பூசாரி அவரைத் தாண்டிப் பார்த்து, "குருநாதன், வாங்க!" என்றார்.

கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. வேல்சாமி முகம் சுருங்கிப்போனது. அடடா, அந்த முகம்! அதைத் தவிர வேறொன்றும் குருநாதன் கண்ணில் படவில்லை. விறுவிறுவென்று போய்க் கையை நீட்டினார். மஞ்சள் கயிறு ஏறியது, குலவை எழுந்தது. குலவை ஓய்ந்ததும் பூசாரி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "பத்து நாளைக்குக் கவுச்சி ஆகாது. ஊர் எல்லையத் தாண்டக் கூடாது."

குருநாதன் அப்போதுதான் கையில் ஏறிய கயிற்றைக் குனிந்து பார்த்தார். ஊரில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியாத சட்டமா? கை நீட்டும்போது நினைப்பு வரவில்லையே!

"ஏ புள்ள, நாளைக்கு வேன்!"

"ஐயையோ, ஆமாங்க!" சண்முகவள்ளி கன்னத்தில் கை வைத்தாள். "சாமி காரியமாப் போச்சே. சீட்டு வேற வீணாப் போகும். நானும் உமையாள் அக்காவும் வேணா போயிட்டு வாரோம்."

பரமக்குடியிலிருந்து வந்த அவள் அக்கா உமையாள் பக்கத்திலேயே பையோடு நின்றாள். பைக்கு மேலே ஒரு ஸ்வெட்டர்.

"உங்க அக்கா திருவிழாவுக்குத்தான வந்துச்சு? திருவிழாவுக்கு எதுக்கு ஸ்வெட்டர்?"

"காத்தடிக்குதுல்ல" என்றாள் உமையாள்.

"அப்ப வத்தல்?"

"களம் எல்லைக்குள்ளதானங்க இருக்கு. துணைக்குச் சோணைமுத்து அண்ணனை வரச் சொல்லிட்டேன். பாவம், அவரும் இந்த வாரம் பூராம் வேலை வச்சுக்கிறாமச் சும்மாதான இருக்காரு."

குருநாதன் களத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுப் போன் அலறியது. களத்திலிருந்து ஓடிவந்து எடுத்தார். கண்ணு ரெண்டும் கோவைப்பழம்.

"ஏங்க! பதினாலு யானைங்க! குட்டியெல்லாம் தண்ணிக்குள்ள விழுந்து புரளுது. நீங்க சொன்னது அப்படியே சரி. பங்குனிதாங்க மாசம்!"

"அச்ச்ச்!" என்றார் குருநாதன்.

"நீங்க கெட்டிக்காரருங்க. இங்கன படகுக்காரரே அசந்துட்டாரு, உங்க வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்னு."

எவ்வளவு கோபம் இருந்தும் அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. இப்போது நிஜமாகவே யானை பார்க்கணும் போல ஆசையும் வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த பங்குனிக்கு நானும் வந்து பாக்குறேன் புள்ள" என்றார்.

"அடுத்த பங்குனிக்கு எப்படிங்க? மூணு வருசம் தொடர்ந்து நீங்க காப்புக் கட்டுறதா அம்மனுக்கு நேந்துருக்கேன்ல!"