அக்காவின் இடது முழங்கை

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்திரண்டு வயது வரைக்கும் எனக்குப் பஸ் என்றால் பயம். ஏறிப் போவதற்கு இல்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் மகாராஜா மாதிரி போவேன். நான் சைக்கிளில் போகும்போது அது பின்னால் வந்தால்தான் பயம்.

சைக்கிளே ஓட்டத் தெரியாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றரை அடி வரப்பில், கேரியரில் உர மூட்டையோடு, ஒற்றைக் கையால் ஓட்டுவேன். வரப்பில் விழுந்தால் சேறுதானே, துவைத்தால் போய்விடும். தார் ரோட்டில் ஏறினால்தான் வம்பு. பின்னால் ஹாரன் சத்தம் கேட்க வேண்டியதுதான், என்னைக் கேட்காமலே இரண்டு கையும் இடப்பக்கம் ஒடித்துவிடும். சைக்கிள் ரோட்டை விட்டு இறங்கி வயலுக்குள் போய் நிற்கும். எங்கள் ஊரிலிருந்து நன்னிலம் போகும் ஏழு மைலில் நான் இறங்காத வயல் கிடையாது. (நிலம் அளக்க வந்த சர்வேயர்கூட அத்தனை வயலில் கால் வைத்திருக்க மாட்டார்.)

இதில் கேவலம் என்னவென்றால், அப்போது நான் ஒரு மேடைப் பேச்சாளன். ஆட்சி மாறி, ஊரில் பாதிப் பேர் தனித்தமிழில் பெயர் மாற்றிக்கொண்டிருந்த காலம். நானும் பெற்றவர்கள் வைத்த பக்கிரிசாமியைத் தூக்கிப் போட்டுவிட்டு இளஞ்சேரன் ஆகியிருந்தேன். "அச்சம் அறியா அரிமாக்களே!" என்று ஆரம்பித்தால் மைக் செட்காரர் வந்து வயரைப் பிடுங்கும்வரை நிறுத்த மாட்டேன். கூட்டம் முடிந்ததும் அரிமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்து வரும்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அப்பா இருபத்தைந்து வருஷமாகக் குத்தகைக்கு உழுத மூன்று ஏக்கர் நிலம் கும்பகோணத்தில் இருந்த ஒரு மிராசுதாருடையது. குத்தகைக்காரன் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்ததும் அப்பா மனுக் கொடுத்தார். மிராசுதாரின் ஏஜெண்டு, "அவன் குத்தகைக்காரனே இல்லை, கூலியாள்" என்று எதிர் மனுப் போட்டார். அதோடு விட்டாரா? ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்ததும் வேறு ஆள் ஏரைத்தான் அந்த வயலில் இறக்கப் போகிறேன் என்று டீக்கடையில் வைத்தே சொன்னார். அதற்குள் அப்பா பெயர் பதிவானால் நிலம் தங்கும்; இல்லாவிட்டால் போச்சு.

எங்கள் கையில் இருந்த ஒரே ஆதாரம் அடங்கல் நகல். எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார் என்று வருஷா வருஷம் எழுதும் கிராமக் கணக்கு அது. அதை வாங்க அப்பா கணக்குப்பிள்ளை வீட்டுக்கு நடந்த நடையில் செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்தது.

பங்குனியில் வாய்தா வந்தது. காலை பதினோரு மணிக்கு நன்னிலத்தில் விசாரணை. அப்பா ஏழு மணி பஸ்ஸுக்கே மஞ்சள் பையோடு கிளம்பிவிட்டார். ஒன்பதரை மணிக்கு நான் என் மேடைக் குறிப்புகள் இருந்த நோட்டைத் திறக்கிறேன், உள்ளே அடங்கல் நகல் இளிக்கிறது! முந்தின நாள் சாயந்தரம் அதைப் பையிலிருந்து எடுத்து, அக்காவுக்கு ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டிவிட்டு (வீட்டில் படித்தவன் நான் ஒருத்தன் அல்லவா, பந்தா வேண்டாமா?) ஞாபகப் பிசகாக நோட்டுக்குள் வைத்துவிட்டேன்.

"அடப்பாவி, பாழாப் போனவனே!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா என்றால் தனபாக்கியம். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நடவு, களையெடுப்பு, வண்டி ஓட்டுவது எல்லாம் அவள்தான்; வாய் மட்டும் எனக்கு. "அடுத்த பஸ்ஸு மதியத்துக்குத்தான்டா. எடு சைக்கிள!"

"வேற யார்கிட்டயாவது குடுத்து அனுப்பலாமேக்கா."

"யார்கிட்டடா குடுப்ப? ஏஜெண்டு காதுக்குப் போச்சுன்னா பேப்பர் வாய்க்கால்ல மெதக்கும். எடுடா!"

அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. எனக்கு ரோடு தெரியாது. மூக்கைச் சிந்திக்கொண்டே உண்மையைச் சொன்னேன்: பின்னால் சத்தம் கேட்டால் வயலில் இறங்கிவிடுவேன். அக்கா நேரே உள்ளே போய்த் தலையணையைக் கிழித்து இலவம் பஞ்சு எடுத்து வந்தாள். இரண்டு காதிலும் அடை அடையாகத் திணித்து, மேலே துண்டைப் போட்டு இறுக்கிக் கட்டினாள். பிறகு அடங்கலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கேரியரில் எனக்கு முதுகைக் காட்டி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.

"பின்னாடி வர்றத நான் பாத்துக்கறேன்! நீ முன்னாடி மட்டும் பாரு!" என்று என் காதுக்கு மேல் கத்தினாள். "முழங்கையால இடிப்பேன். இந்தப் பக்கம் இடிச்சா இந்தப் பக்கம் ஒதுங்கு, அந்தப் பக்கம் இடிச்சா அந்தப் பக்கம். புரிஞ்சுதா?" வண்டி மாட்டை ஓட்டிப் பழகிய கை. எனக்கும் மாட்டுக்கும் அன்றைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், சொர்க்கம் மாதிரி இருந்தது. உலகமே அடங்கிப்போய்விட்டது. பஞ்சுக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும். கும்பகோணம் ரோடு வந்து சேரும் ஐந்தாவது மைல் தாண்டியதும் விலாவில் இடி விழ ஆரம்பித்தது. வலது விலாவில் இடித்தால் வலப்பக்கம் போனேன். இடது விலாவில் இடித்தால் இடப்பக்கம் போனேன். எங்கோ வயலில் மாடு கத்துவது போல லேசாக ஒரு சத்தம். பாவம், கன்றைத் தேடுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இடி அதிகமானது. நானும் அடக்கமாக அந்தந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தேன்.

நன்னிலம் நெருங்கும் இடத்தில் ரோட்டின் மேல் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் உளுந்து பிடுங்கினால் அடிப்பதற்கு ஆள் தேட மாட்டார்கள். ரோட்டில் பரப்பிவிட்டால் பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிக் காயை உடைத்துக் கொடுத்துவிடும். பஸ் சக்கரத்துக்குச் சரி, சைக்கிள் செயினுக்கு எப்படி? இரண்டு சுற்றில் ஒரு கட்டுச் செடி செயினில் சுருட்டிக்கொண்டது. சைக்கிள் நின்றது. நாங்கள் நிற்கவில்லை. இரண்டு பேரும் உளுந்துக் குவியலில் போய் விழுந்தோம். துண்டு அவிழ்ந்து பஞ்சு தெறித்தது.

மாடு கத்தவில்லை. பஸ் கத்திக்கொண்டிருந்தது.

கைக்கெட்டும் தூரத்தில், சாமந்தி மாலை போட்ட பஸ் முகம். அதற்குப் பின்னால் இரண்டு லாரி, ஒரு டிராக்டர். ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு தலை.

"ரெண்டு மைலா ஹாரன் அடிக்கிறேன்யா!" டிரைவர் இறங்கி வந்து கும்பிட்டார். "ரைட்ல போனா ரைட்ல வர்ற, லெஃப்ட்ல போனா லெஃப்ட்ல வர்ற! உனக்கு நான் என்னய்யா பாவம் பண்ணினேன்?"

நான் அக்காவைப் பார்த்தேன். "நான் இடது முழங்கையாலதான்டா இடிச்சேன், இடது பக்கம் ஒதுங்குன்னு!" என்றாள்.

"நீ திரும்பி உக்காந்திருக்க! உன் இடது எனக்கு வலது விலாக்கா!"

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். அதற்குள் பஸ்ஸின் முன் சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு என்னைச் சுட்டியது. மிராசுதாரின் ஏஜெண்டு! "மறியலாடா பண்றே? ஆபீசர்கிட்ட வச்சுக்கறேன் உன்னை!" பஸ் உளுந்தை நசுக்கிக்கொண்டு போய்விட்டது.

செயினைச் சுத்தம் பண்ணி ஏறி மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது விசாரணை ஆரம்பித்திருந்தது. ஏஜெண்டு முந்திக்கொண்டு வத்தி வைத்துவிட்டிருந்தார். அக்கா இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த அடங்கலை அதிகாரி பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ரோட்டை மறிச்சு எதிர்க்கட்சிக்காரர வரவிடாம பண்ணிட்டு, இங்க வந்து பேப்பர் நீட்டுறீங்களா? போலீஸுக்கு எழுதறேன். விசாரணை ஆடிக்கு அப்புறம்."

ஆடிக்கு அப்புறமா! அதற்குள் வேறு ஏர் இறங்கி நாற்றே நட்டு முடிந்திருக்குமே. அப்பா மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனைக்கும் காரணம் நான்தான், என் பந்தாதான்.

"இவன் சாதாரண ஆள் இல்லீங்க" என்றார் ஏஜெண்டு. "மேடையில பேசறவன். அச்சம் அறியா அரிமாவாம்."

"ஐயா, அவன் வாய்தாங்க அரிமா!" அக்கா பாய்ந்து முன்னால் வந்தாள். "பஸ்ஸ மறிக்கறதாவது? ஹாரன் சத்தம் கேட்டாலே வயக்காட்டுல எறங்கிடுவாங்க. அதுக்குத்தாங்க காதுல பஞ்சு வச்சேன். ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க!"

அப்பாவும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார். "ஆமாங்கய்யா. எம்மவன் பெரிய பயந்தாங்கொள்ளிங்க. என் தலை மேல அடிச்சுச் சத்தியம் பண்றேன்." ஒரு சர்க்கார் அதிகாரி முன்னால் அப்பா என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "அப்படியா? வெளிய வா. பஸ் வர்ற நேரம்தான். ஓட்டிக் காட்டு, பாப்போம்."

ஆபீஸே வாசல்படிக்கு வந்துவிட்டது. நான் ரோட்டில் ஏறி மிதித்தேன். காதில் பஞ்சு இல்லை. பின்னால் திருவாரூர் பஸ் முழு ஹாரனோடு வந்தது. என் கை ஒடிவதற்காகக் காத்திருந்தேன்.

ஒடியவில்லை!

இன்னொரு ஹாரன். கை கல் மாதிரி நிற்கிறது. இரண்டு மைல் ஒரு பஸ்ஸை முதுகில் கட்டிக்கொண்டு வந்தும் உயிரோடுதானே இருக்கிறேன், இது என்னை என்ன செய்துவிடும் என்று உடம்புக்கே தெரிந்துபோய்விட்டது போல. ஓரமாக, நேராக, அழகாகப் போனேன். எத்தனை வருஷப் பயம்! அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததே இல்லை. அதை அப்பாவிடம் காட்டலாம் என்று வாசல்படிப் பக்கம் சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

அப்பா முகத்தில் ரத்தமே இல்லை. ஏஜெண்டு, "பாத்தீங்களாய்யா? பாத்தீங்களா?" என்று குதித்துக்கொண்டிருந்தார். அக்கா அடித்தொண்டையில் கத்தினாள்: "டேய் பக்கிரி! பின்னாடி பஸ்ஸுடா!"

அவள் கத்தியதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. இடப்பக்கம் வாய்க்கால் இருந்தது. பங்குனி வெயிலில் அதில் தண்ணீர் இல்லை. டவுன் சாக்கடை மட்டும் இருந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டேன். "ஐயோ, பஸ்ஸு!" என்று அலறிக்கொண்டு ஹேண்டில்பாரை ஒடித்தேன்.

எழுந்தபோது தலையில் யாரோ சாப்பிட்டுப் போட்ட வாழை இலை. அதிகாரி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அடங்கலைப் பிரித்தார். அன்றைக்கே விசாரணையை முடித்தார். வைகாசியில் உத்தரவு வந்தது, குத்தகைதாரர் என்று அப்பா பெயரோடு. ஆனியில் எங்கள் ஏர்தான் இறங்கியது.

மறுநாளிலிருந்து நான் ரோட்டில் சைக்கிளில் பறந்தேன். என்ன பிரயோஜனம்? அந்த வழி பஸ் டிரைவர்கள் எல்லாம் என்னைக் கண்டதும் வண்டியை மெதுவாக்கி, "தம்பி, பயப்படாத, மெதுவா வர்றோம்!" என்று குரல் கொடுப்பார்கள். நன்னிலத்தில் அடுத்த கூட்டத்தில் "அச்சம் அறியா" என்று ஆரம்பித்தேன். கூட்டத்தில் ஒருவன் "பாம், பாம்!" என்றான். அதோடு என் மேடை வாழ்க்கை முடிந்தது. மறுபடி பக்கிரிசாமி ஆனேன். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, "பஸ்ஸுக்குப் பயந்தவர் நீங்கதானே?" என்று காபியோடு கேட்டார்கள்.

போன பொங்கலுக்குக் குடும்பமே கூடியிருந்தது. வழக்கம்போல என் பேரன்கள் அந்தக் கதையை ஆரம்பித்து, ஒருவன் பஸ்ஸாகவும் ஒருவன் நானாகவும் நடித்தார்கள். ஐம்பது வருஷம் பொறுத்தாயிற்று, இனிமேல் என்ன என்று இலையில் கையை ஊன்றிச் சொன்னேன்: "நான் பயந்து விழல. வேணும்னேதான் விழுந்தேன். சந்தேகமா இருந்தா உங்க பெரிய பாட்டியக் கேளுங்க."

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா வடையைப் பிட்டு வாயில் போட்டு, பொக்கை வாயால் நிதானமாக மென்றாள். "வேணும்னு விழுந்தானா? யார் சொன்னா? பயத்துல பொத்துன்னு விழுந்தான். நான் ரெண்டு கண்ணால பாத்தேனே!"

வீடே அதிர்ந்தது. கை கழுவும் இடத்தில் அவளை மடக்கினேன். "ஏன்க்கா? எனக்கும் எழுபது தாண்டியாச்சு. இப்பவாவது உண்மையச் சொல்லக் கூடாதா?"

அக்கா இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நெலம் நம்ம பேர்ல இருக்கற வரைக்கும் நீ பயந்தாங்கொள்ளிதான்டா. போய்ப் பாயசத்தக் குடி."